நீர்க்கை நாச்சியாரின் கோடைக்காலம்

கீலக வருஷம், சித்திரை 4. கோடைக்கானல்

ஒருவழியாக மலை ஏறி வந்து சேர்ந்தாயிற்று. டோலி தூக்கியவர்களைவிட அதில் உட்கார்ந்து வந்த அம்மாதான் அதிகம் மூச்சு வாங்கினாள். பாதி வழியில் என் வலது கை உறைக்குள் அரித்துப் பிராணனை வாங்கியது. யாரும் பார்க்கவில்லை என்று உறையை உருவிவிட்டு என் டோலியின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் முன்னால் தூக்கிப் போனவர், "மழ தூத்துது போலயே, வானம் வெளுத்துல்ல கெடக்கு" என்றார். அவர் தோளில் சொட்டியது மழை இல்லை, நான். அவசரமாக உறையை மாட்டிக்கொண்டேன்.

புது நோட்டு என்பதால் முறையாகத் தொடங்குகிறேன். நான் குஞ்சர நாச்சியார், வயது பதினேழு, சாத்தங்கரை ஜமீன்தாரின் ஒரே மகள். எங்கள் வம்சத்தில் தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்கு வலது உள்ளங்கையில் தண்ணீர் ஊறும். நீர்க்கை என்பார்கள். காய்ந்த மண்ணில் வைத்தால் ஊற்று வரும். வெறும் கிண்ணத்தின் மேல் வைத்தால் கிண்ணம் நிறையும். பெரியவளான அன்று எனக்கு ஊறத் தொடங்கியது, அன்றே உறை மாட்டிவிட்டார்கள். ஏனென்றால் அந்த வெறுங்கையை முதலில் யார் பிடிக்கிறாரோ அவரிடம் தண்ணீர் போய்விடும். போனால் திரும்பாது. அவர் காலம்வரை அவரிடம்தான். அதனால் கல்யாண மேடையில் மாப்பிள்ளை கைப்பிடிக்கும்வரை அம்மாகூட என் கையைத் தொடக் கூடாது. சாப்பாடு வெள்ளிக் கரண்டியில். எழுத்து இடது கையில்.

இங்கே வந்ததற்குக் காரணம் குளிர்காற்று என்று அய்யா எல்லாரிடமும் சொல்கிறார். காரணம் மருதன்கோட்டை ராஜா. அவர் மனைவி இறந்துவிட்டார். அவர் சீமையில் மூன்று வருஷமாக மழை இல்லை. இந்தக் கோடைக்கு அவரும் இங்கேதான் இருக்கிறார். மீதியைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

சித்திரை 7

ராஜாவின் பங்களாவில் தேநீர் விருந்து. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போயிற்று, காரணம் துரைசானிகள். ஒருவர் விடாமல் எல்லாரும் கையுறை போட்டிருக்கிறார்கள்! அந்தக் கூட்டத்தில் என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உறை மாட்டியதிலிருந்து இவ்வளவு நிம்மதியாக நான் ஒரு கூடத்தில் நின்றதில்லை.

நிம்மதி பிஸ்கட் தீரும்வரைதான். பிறகு பரீட்சை. வெள்ளிக் கிண்ணம் ஒன்றை என் முன்னால் வைத்தார்கள். அம்மா உறையைக் கழற்றச் சொல்லிக் கண் காட்டினாள். எல்லாரும் நாலடி தள்ளி நின்றார்கள். கையைக் கவிழ்த்தேன். கிண்ணம் நிறைந்து வழிந்து தரைவிரிப்பு பாழானது. துரைசானிகள் ஏதோ செப்பிடு வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள். ராஜாவுக்கு நாற்பது வயது இருக்கும். மரியாதையானவர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாடு வாங்க வந்தவர் பல்லைப் பார்ப்பதுபோல் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகம் அவருக்கு இன்னும் தெரியாது என்று பந்தயம் கட்டுவேன்.

தண்ணீர் வந்த பிறகு எப்போதும் கை முழங்கைவரை விறைத்துப்போகும். அது யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. இன்று ஒருவர் கேட்டார். ராஜாவின் காரியதரிசி, பெயர் துரைசிங்கம். ராஜாவின் இறந்துபோன மனைவிக்குத் தூரத்து உறவில் தம்பி முறையாம். "கை குளிருதா நாச்சியார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். டம்ளரை உறையோடு அணைத்துக்கொண்டேன்.

சித்திரை 8

துரைசிங்கம் என்ற பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. சிங்கத்துக்கு எதற்கு இன்னொரு துரை?

சித்திரை 13

காலையில் நாகம்மாள் அத்தையோடு சீட்டாட்டம். அத்தை அய்யாவின் தங்கை. வாழ்க்கை கைவிட்ட நாளிலிருந்து மூக்குப்பொடியையும் சீட்டையும் விடாமல் பிடித்துக்கொண்டவள். கள்ளாட்டம் ஆடுவாள். கேட்டால், "தாலியறுத்தவ கிட்ட என்னடி ஞாயம் பேசுற?" என்பாள். நான் தோற்றேன்.

மதியம் ராஜா அனுப்பியதாகப் பழக்கூடை வந்தது. கொண்டுவந்தவர் துரைசிங்கம். அம்மா தூங்கிக்கொண்டிருந்ததால் அத்தையும் நானும் வராந்தாவில் உட்கார்ந்து அவரிடம் பேசினோம். ஏதாவது மந்திரம் சொல்ல வேண்டுமா, ஆண் கைக்குப் போனாலும் இதேபோல் ஊறுமா, மேடையும் ஐயரும் இல்லாமல் சும்மா பிடித்தாலும் போய்விடுமா என்று எத்தனை கேள்விகள்! மந்திரம் கிடையாது, யார் கைக்குப் போனாலும் ஊறும், எங்கே பிடித்தாலும் போகும் என்று சொன்னேன். என்னைப் பற்றி ஒரு மனிதர் இவ்வளவு அக்கறையாகக் கேட்டு இன்றுதான் பார்க்கிறேன்.

பழம் புளிப்பு.

சித்திரை 19

ஏரிக்கரையில் நடை, துரைசிங்கமும் கூட வந்தார். பேச்சி குடை பிடித்தாள், அத்தை வழக்கம்போல் பின்தங்கினாள். பேச்சி எனக்கு வேலைக்காரி என்று பெயர், உண்மையில் காவல்காரி. ஆனாலும் இன்று பூப்பறிக்கப் போய்விட்டாள், நல்லவள். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "நாச்சியார் கையில ஒரு பொட்டுத் தண்ணி இல்லேன்னாலும் நான் இப்படித்தான் கூட நடந்து வருவேன்."

கரை முழுக்க மூடுபனி. நல்லவேளை, என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது.

சித்திரை 20

மழை. அத்தைக்குச் சளி. ஏன் சிரித்துக்கொண்டே இருக்கிறாய் என்று அம்மா கேட்டாள். பல் வலி என்றேன்.

சித்திரை 26

ஆனியில் முகூர்த்தம் குறித்தாயிற்று.

அய்யாவிடம் போனேன். வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் கோபப்படவில்லை. "அந்தச் சீமையில ஆடுமாடெல்லாம் கெடந்த எடத்துலயே சாகுதும்மா. சனங்க ஊரைக் காலி பண்ணிட்டுப் போகுது. ஒன் கை அங்க போறதுதான் மொறை. நம்ம வீட்ல இருந்து பெரிய எடத்துக்குப் போற மருவாதியும் இருக்கு" என்றார். முதல் வாக்கியம் நியாயம்தான். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் மீசை தானாக நிமிர்ந்தது.

சாயங்காலம் துரைசிங்கத்திடம் கேட்டே விட்டேன். பெண்ணாகப் பிறந்தவள் இப்படிக் கேட்கலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. "நீங்க புடிச்சுக்கங்க. நீங்க அந்த ஊருக்கே தண்ணி குடுங்க, எனக்குச் சம்மதம். நான் உங்க கூட இருக்கேன்" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "அவுக உப்பைத் திங்கிறவன் நான். நானாக் கேட்டா துரோகம் நாச்சியார். தானா நடந்தா அது வேற" என்றார். என்ன நல்ல மனசு! நான் அறைக்கு வந்து தலையணையில் முகம் புதைத்து அழுதேன்.

சித்திரை 30

புடவைகள் வந்தன. எல்லாம் கனம். ராஜாவின் மகள் ரத்தினமுத்து எனக்கு இரண்டு வயது இளையவள். "உங்கள நான் என்னன்னு கூப்பிட?" என்று கேட்டாள். அக்கா என்று கூப்பிடு, சித்தி என்று கூப்பிட்டால் ஏரியில் தள்ளிவிடுவேன் என்றேன். சிரித்தாள். கபடமில்லாத பெண்.

வைகாசி 2

நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் படகில் போனோம். ராஜா உத்தரவு, கல்யாணத்துக்கு முன் பெண்ணுக்கு ஏரியைச் சுற்றிக் காட்ட வேண்டுமாம். துடுப்புப் போட நம்பிக்கையான ஆள் என்று துரைசிங்கத்தை அனுப்பியிருந்தார். படகில் நானும் அத்தையும் அவரும் மட்டும். அம்மா கரையில் பேச்சியோடு நின்றாள்.

நடு ஏரியில் அவர் துடுப்புகளை உள்ளே போட்டார். தாமரைக் கொடி சிக்கிக்கொண்டது, எடுத்துவிடுகிறேன் என்று எழுந்து விளிம்பில் குனிந்தார். படகு ஆடியது. அவர் தண்ணீரில் விழுந்தார். மூழ்கினார், எழுந்தார், மறுபடி மூழ்கினார். நான் கையை நீட்டினேன். உறை போட்ட கை. பிடித்தார், வழுக்கியது. "உறையைக் கழட்டுங்க நாச்சியார்" என்றார். கழற்றினேன். பிடித்தார்.

தண்ணீர் ஊறத் தொடங்கிய பிறகு என் வெறுங்கையை ஒருவர் பிடித்தது அதுதான் முதல் தடவை. அது எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் என்னைவிட்டுப் போவது தோளிலிருந்து விரல் நுனிவரை தெரிந்தது. போகட்டும் என்றுதான் நினைத்தேன். இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அத்தை, "துடுப்ப நீட்டுடி, துடுப்ப நீட்டு!" என்று தொண்டை கிழியக் கத்தியதாகச் சொல்கிறாள். துடுப்பு என் காலடியில்தான் கிடந்தது. அவள் கத்தியது என் காதில் விழவில்லை.

கரைக்கு வந்ததும் அம்மா என் கையைப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அவர் ஈரத்தோடு நடுங்கியபடி நின்றார். விரல் நுனிகளிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது, உடம்பு காய்ந்த பிறகும்.

வைகாசி 3

இன்று வலது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது. ஆனால் மை கரையவில்லை.

சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டேன். ரசத்தின் சூடு விரலில் சுட்டது. எத்தனை வருஷம் ஆயிற்று! மூன்று தடவை சோறு வாங்கினேன். வீடே சாவு வீடாக இருக்கும்போது இவளுக்குப் பசி கேட்கிறதா என்று அம்மா முணுமுணுத்தாள்.

கைப்பிடித்தவர்தான் புருஷன், அதுதானே முறை? அய்யாவும் அதை மறுக்க முடியாது. துரைசிங்கம் இன்று வரவில்லை. ஏரித் தண்ணீர் குளிர், காய்ச்சலாக இருக்கும். நாளை வருவார்.

வைகாசி 4

வரவில்லை. பேச்சியிடம் சுக்குக் காப்பி கொடுத்தனுப்பினேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டார்களாம்.

வைகாசி 5

ராஜா வந்தார். அய்யாவும் அவரும் கூடத்தில் பேசினார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

ராஜா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சாத்தங்கரையாரே, அக்கினி இல்லாம நடந்தது கல்யாணம் ஆகாது. ஆபத்துல ஒரு கை பிடிச்சது, அவ்வளவுதான். உங்க மேல எனக்கு வருத்தமில்ல. எனக்கு வேண்டியது என் சீமைக்குத் தண்ணி. அது இப்ப என் வீட்டுப் பயகிட்டத்தான் இருக்கு. ரத்தினத்துக்கு அவன் தாய்மாமன் மொறை, உரிமைக்காரன். அதே முகூர்த்தத்துல ரெண்டு பேருக்கும் முடிச்சிரலாம்னு இருக்கேன். அவசியம் வரணும்" என்றார்.

அய்யா கேட்டார். "அந்தத் தம்பி என்ன சொல்லுது?"

"கால்ல விழுந்து கும்பிட்டான்" என்றார் ராஜா.

வேறு என்ன செய்வார்? ராஜா சொல்லும்போது எதிர்த்துப் பேச முடியுமா? அவர் உப்பைத் தின்றவர். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருக்கலாம்.

வைகாசி 6

அவர் வந்து சொல்லிவிடுவார். முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

வைகாசி 9

ரத்தினமுத்து வந்தாள். என் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு நின்றாள். "அக்கா, எம்மேல கோவமா? எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. அப்பா சொன்னாக, நான் தலையாட்டுனேன்" என்று அழுதாள். அவளை என்ன சொல்வது? பக்கத்தில் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டேன்.

அழுகை நின்றதும் பேச்சுக்கொடுத்தாள், பாவம், என்னைச் சமாதானப்படுத்த. "மாமாவோட அம்மா ஊர்ல இருந்து வந்திருக்காக. மாமா சின்ன வயசுல தாமிரபரணி வெள்ளத்துல இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நீச்சலடிச்சுப் போட்டியில வெள்ளிக் கிண்ணம் வாங்குனாகளாம். அந்தக் கிண்ணத்தைக் கல்யாணச் சீரோட வைக்கப் போறாகளாம்" என்றாள்.

சீப்பு கீழே விழுந்தது. எடுத்து மறுபடி வாரினேன். நெடுநேரம் வாரினேன். சிக்கே இல்லை என்று அவள்தான் சொன்னாள்.

வைகாசி 10

குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவர்களுக்கும் கைகால் மரத்துப்போகும். எங்கோ கேள்விப்பட்டிருக்கிறேன்.

வைகாசி 11

பேச்சியிடம் கேட்டேன். அவளும் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

வைகாசி 18. சாத்தங்கரை

ஊருக்குத் திரும்பிவிட்டோம். என்னைப் பெண் கேட்டு வருஷாவருஷம் ஆள் அனுப்பிய ஜமீன் வீடுகள் எல்லாம் திடீரென்று ஊமையாகிவிட்டன. ஜாதகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு வீட்டில் திருப்பியே அனுப்பிவிட்டார்கள். அய்யா மீசையை மழிக்காததுதான் பாக்கி.

அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். என் கை அவள் மடியில் தற்செயலாகப் பட்டதும் வெடுக்கென்று நகர்ந்துகொண்டாள். பழைய பழக்கம்தான், வேறொன்றும் இல்லை. நகர்ந்த பிறகு அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனால் திரும்பி வந்து தொடவில்லை.

வைகாசி 27

புளி ஆய்ந்தேன். ஊறுகாய்க்கு உப்புப் போட்டேன். முன்பெல்லாம் இந்தப் பக்கமே விடமாட்டார்கள், ஜாடியெல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடும். எந்த வேலையும் செய்யலாம் இப்போது. எனக்கு வேலை செய்யவே பிடிக்கவில்லை.

அத்தை சீட்டுக்கட்டோடு வந்தாள். கள்ளாட்டம் ஆடாமல் ஆடினாள். வேண்டுமென்றே தோற்கிறாள் என்று தெரிந்ததும் சீட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனேன்.

ஆனி 5. மருதன்கோட்டை

கல்யாணத்துக்கு வந்திருக்கிறோம். வராவிட்டால் பொறாமை என்று பேசுவார்களாம். வழி நெடுக ஆடுமாடுகளின் எலும்பு வெளுத்துக் கிடந்தது. ஊர்க் கண்மாய் மட்டும் நிறைந்திருந்தது. நேற்றுத்தான் அவர் அதில் கை வைத்தாராம். பெண்கள் கரையில் உட்கார்ந்து சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவி குடத்தை நிரப்பிவிட்டுத் திரும்பவும் கொட்டி, மறுபடி நிரப்பினாள். கொட்டும் சத்தத்துக்காக இருக்கும். என் தண்ணீர் அது. நல்ல காரியத்துக்குத்தான் வந்திருக்கிறது. அதை வெறுக்கக்கூட எனக்கு வழியில்லை.

அவரைத் தனியாகப் பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று வந்திருக்கிறேன். நீச்சல் தெரியுமா என்று. தெரியாது, அம்மா பெருமைக்குச் சொன்னது என்று அவர் சொல்லிவிட்டால் போதும். மீதி எல்லாவற்றையும் நான் தாங்கிக்கொள்வேன்.

ஆனி 6

காலையில் அலங்காரம் செய்யும்போது பேச்சியிடம் பழைய தோல் உறையைக் கேட்டேன். "இனி எதுக்கு நாச்சியாரம்மா? கையத் தொறந்து போட்டு வாங்களேன்" என்றாள். மாட்டிக்கொண்டேன். உறை இருந்தால், உறை இருப்பதால் யாரும் பிடிக்கவில்லை என்று இருக்கும். கழற்றிவிட்டால் அதற்கும் வழியில்லை.

தாலி கட்டி முடிந்தது. ரத்தினமுத்து அழகாக இருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அக்கினியைச் சுற்றினார். நல்ல பெண், அவள் நன்றாக இருக்கட்டும். இதை மனசாரத்தான் எழுதுகிறேன்.

பிறகு ராஜா புதிதாக ஏற்படுத்திய சடங்கு. மாப்பிள்ளை தம் கையால் ஒவ்வொரு விருந்தாளியின் உள்ளங்கையிலும் தண்ணீர் வார்க்க வேண்டும். வரிசையாக வந்தார். அய்யாவுக்கு வார்த்தார். அம்மாவுக்கு வார்த்தார். அத்தை கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். என் முன்னால் வந்து நின்றார். கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. வலது கையை நீட்டினேன்.

அவர் உறையைப் பார்த்தார். "உறையைக் கழட்டுங்க நாச்சியார்" என்றார்.

அதே வார்த்தை. ஏரியில் கேட்டபோது அது மூழ்குகிறவரின் குரல் என்று நினைத்திருந்தேன். இன்று பட்டு வேட்டியோடு, மாலையோடு, கால் தரையில் நன்றாக ஊன்றி நின்று சொன்னார். குரல் அப்படியேதான் இருந்தது. கொஞ்சம்கூட மாறவில்லை.

நான் எதுவும் கேட்கவில்லை. உறையைக் கழற்றவும் இல்லை. பின்னால் ஆட்கள் காத்திருந்ததால் அவர் அப்படியே வார்த்துவிட்டு நகர்ந்தார். நல்ல தோல் உறை. உள்ளே ஒரு சொட்டும் இறங்கவில்லை.

பந்தியில் கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன். பாயசம் பரவாயில்லை.